தூணுக்குச் சுத்தின துணி

கதிரவேல்: இப்பத்தைய ஆக்களுக்கு இடிக்கவும் தெரியாது, கட்டவும் தெரியாது. ஒட்டத்தான் தெரியும். செருப்பு அறுந்தாலும் பசை, தூண் வெடிச்சாலும் பசை!

சிவரூபி: ஐயா, இது செருப்புப் பசை இல்லை. நான் படிச்ச இஞ்சினியர். கொஞ்சம் நம்புங்கோவன்...

கதிரவேல்: கீழ சமைக்கிற குசினி எரிஞ்சு நாலு தூணும் வெடிச்சு நிக்குது. நீ துணி சுத்தப் போறன் எண்டுறாய். தூணுக்கென்ன சுளுக்கோ? உட்துறைமுக வீதியில ஆரைக் கேட்டாலும் சிரிப்பினம்.

சிவரூபி: கார்பன் நார்த் துணி, ஐயா. தூணை விரிய விடாமல் இறுக்கிப் பிடிக்கும். மூலையளை மழுக்கிப்போட்டுச் சுத்தினால்...

கதிரவேல்: ஏன் மழுக்குறாய்?

சிவரூபி: கூர் மூலையில துணி அறுந்துபோம்.

கதிரவேல்: பாத்தியோ! அறுகிற துணி. திரும்ப நெருப்புப் பிடிச்சால்?

சிவரூபி: பசை இளகும். அதுக்குத்தான் மேல சூடு தாங்கிற சாந்து பூசுறம்.

கதிரவேல்: ஓம், துணிக்கு ஒரு சட்டை! பிறகு சட்டைக்கு ஒரு குடை...

சிவரூபி: இந்தாங்கோ, அந்தச் சாந்து பூசின துணித் துண்டு. முன்பக்கம் நான் நெருப்புப் பிடிக்கிறன். நீங்கள் பின்பக்கம் கை வையுங்கோ.

கதிரவேல்: இந்தா, வைச்சிட்டன்.

சிவரூபி: சுடுதோ?

கதிரவேல்: இப்ப சுடேல்லை.

சிவரூபி: பிறகென்ன? கெதியா முடிச்சிடுவம். மேல்வீடு அசையாது.

கதிரவேல்: மேல்வீட்டில ஆர் இருக்கினம்? மகனுக்கெண்டு கட்டினது, பூட்டினபடி கிடக்கு. மனுசி போனாப்பிறகு நான் மேல ஏறினதே இல்லை. இடியுங்கோ எண்டுறன். முழுக்க இடிச்சுப் புதுசாக் கட்டுங்கோ.

சிவரூபி: திருத்தக்கூடிய வீட்டை ஏன் ஐயா...

கதிரவேல்: புது வீடெண்டால் அத்திவாரக் கல்லு வைக்க வேணும். கல்லு வைக்க மூத்த மகன் பக்கத்தில நிக்க வேணும். எங்கட முறை அது. இராகுலன் கனடாவில இருந்து வந்தே ஆக வேணும்... விளங்குதோ?

சிவரூபி: உங்களிட்டச் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான், ஐயா... இடிச்சால் வரவேண்டி வருமெண்டு அவருக்கும் தெரியும். என்னை இந்த வேலைக்குப் பிடிக்கேக்க போன்ல முதல் கேட்டதே அதுதான். தான் வராமல் முடிக்கிற மாதிரி ஏதும் வேலை இருக்கோ எண்டு.

கதிரவேல்: சும்மா கதை. என்ர பிள்ளை அப்பிடிக் கேக்கமாட்டான்.

சிவரூபி: ஐயா, எங்க போறியள்? நில்லுங்கோ...

கதிரவேல்: துறைமுகப் பக்கம். உன்ர துணியையும் நம்பேல்லை, உன்ர கதையையும் நம்பேல்லை. அவன் போன் எடுத்தால்... தூண் நிக்காதாம், இடிக்கத்தான் வேணுமாம் எண்டு சொல்லு.