ஒரு தடவைதான் அடித்தது

மத்தியானம் மூன்று மணி... ஆஸ்பத்திரிச் சாலையில் ஈ காக்காய் இல்லை. “பட்டப்பகல்ல பேயா?” என்று இளிக்காதே, கேள். என் சிநேகிதனுடைய அக்கா புருஷனுக்கு நடந்தது. அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அவருக்கு சர்வர் வேலை. ஹோட்டல் சர்வர் இல்லையடா, கம்ப்யூட்டர் சர்வர்! வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் தாய் புரோகிராம் அந்த வேலைக்கென்று ஒரு பிள்ளை புரோகிராமைப் பெறும். பிள்ளை வேலையை முடித்துச் சாகும். உடனே தாய்க்கு மணி அடிக்கும். தாய் வந்து வாங்கிக்கொண்டால்தான் கம்ப்யூட்டர் பட்டியலில் அதன் வரி அழியும். இல்லாவிட்டால்... செத்தது அங்கேயே கிடக்கும். ‘ஜாம்பி’ என்பார்கள்.

மணி அடித்தால் ஒன்றை வாங்கு என்று எழுதியிருந்தார் இவர். இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் செத்தால் மணி ஒரு தடவைதான் அடிக்கும். தெரிந்தும், “அப்புறம் பாத்துக்கலாம்” என்று விட்டார். பிணம் சேர்ந்து சேர்ந்து சர்வர் திணறியது.

அந்த வாரம்தான் அக்காவுக்கு ஏழாம் மாதத்திலேயே இரட்டைக் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் இரண்டும். அக்காவுக்கு நினைவில்லை. இவரோ சர்வரே கதி என்று கிடந்தார்.

மூன்று மணிக்கு போன். “குழந்தை தவறிடுச்சு சார். வந்து வாங்கிக்குங்க.”

போனார். ஒரு கையெழுத்து, ஒரு பொட்டலம். அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார், பாவி.

பத்தாம் நாள் அக்கா கண் விழித்தாள். ஒன்று தவறிவிட்டது என்று சொன்னார். “இன்னொண்ணு எங்கங்க?”

“நல்லாத்தான் இருக்கும். இல்லேன்னா போன் வந்திருக்குமே...”

இரண்டும் ஒரே நிமிஷத்தில் போயிருந்தன. நர்ஸ் ஒரு தடவைதான் கூப்பிட்டிருந்தாள். யாரும் வரவில்லை என்று இன்னொன்றை எங்கோ புதைத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் புரோகிராமைத் திருத்தினார். ஒரு மணி அடித்தாலும் செத்த எல்லாவற்றையும் வாங்கு என்று. பட்டியல் சுத்தமானது... ஒரு வரியைத் தவிர. அழித்துப் பார்த்தார். செத்ததை எப்படிச் சாகடிப்பது? மின்சாரத்தையே பிடுங்கி மறுபடி போட்டார். அதே வரி. வரி பிறந்த நேரம், குழந்தைகள் போன அந்த நாள், மூன்று மணி. குளிரூட்டிய அறையில் புளித்த பால் வாடை.

அந்த வரி விஷயம் தெரிந்து அக்கா சர்வர் அறைக்கே வந்தாள். திரையில் உள்ளங்கையை வைத்தாள்.

“அம்மா வந்துட்டேன்டா கண்ணு.”

வரி மறைந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு, அந்த ஆஸ்பத்திரிச் சாலை வழியாக டாக்சியில் திரும்பினார்கள். அக்கா கையை மடித்து மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் பார்த்தார்... வெறும் கை.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாராம், “காத்தடிக்குதும்மா. குழந்தை தலைய மூடிக்குங்க.”