மேடாகத் தெரிந்த பள்ளம்

முதலில் அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், ஐயா. எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. இங்கே போர்ட் பிளேரில் மழை விடாமல் கொட்டும் மாதங்களிலேயே காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போவேன். அப்படிப்பட்டவனைப் பனிமலை விவகாரத்தில் விசாரிக்கிறீர்களே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். படங்களை ஒட்டியது நான்தான்.

எங்கள் ஆபீஸுக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது சர்க்காருக்குப் புதிதா? குடியேற வந்தவர்களுக்குச் சௌல்தாரிப் பக்கம் காடு திருத்திக் கொடுத்த காலத்தில், விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து நாங்கள் மர உயரம் அளந்தோம். ஒரே இடத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு படம் எடுப்பார்கள். ஒன்றை இடக் கண்ணுக்கும் மற்றதை வலக் கண்ணுக்கும் வைத்து, இரட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் காடு மேசைமேல் எழுந்து நிற்கும். மர உச்சியிலிருந்து தரையைக் கழித்தால் உயரம். பனிப்பரப்பிலிருந்து கோடைக்காலத் தரையைக் கழித்தால் பனியின் ஆழம், அதே கணக்குத்தானே என்று மெயின்லேண்டில் யாரோ ஒரு பெரிய அதிகாரி யோசித்துவிட்டார். இமயமலைப் படங்கள் கட்டுக் கட்டாகக் கப்பலில் வந்து இறங்கின. மீன் பெட்டியில் போடும் ஐஸைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத நாங்கள் பனியை அளக்க உட்கார்ந்தோம்.

அதில் கெட்டிக்காரர் ஜெகநாதன் அண்ணன். தலையும் பெரிது, தலைக்கனமும் பெரிது. ஆனால் தங்கமான மனுஷன். படங்களைப் பலகையில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பார்த்து அளந்து வரைபடம் போடுவது அவர் வேலை. பாராட்டு அவருக்கு, பசை எனக்கு. அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை.

இந்த ஆபீஸிலிருந்து ஒருவரைப் பதவி உயர்வு கொடுத்து மலைக்கே நிரந்தரமாக மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒருவர் என்றால் அண்ணன்தான். அவருக்கு அடுத்தபடி நான். எனக்கு மனசு கேட்கவில்லை, ஐயா. ஞாயிற்றுக்கிழமை அவரும் அலமு அண்ணியும் கராச்சர்மாவிலிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அந்த உறவு போய்விடக் கூடாது. வரைபடத்தில் ஒரு தப்பு வந்தால் அவரை இங்கேயே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஆகவே கோடைப் படங்களில் மட்டும் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றி ஒட்டினேன். அப்படி மாற்றினால் பள்ளம் மேடாகத் தெரியும். ஆள் உயரத்துக்குமேல் பனி கிடக்கும் ஓடை, முழங்கால் பனி மூடிய பாறையாகிவிடும். ஓரத்து எண்கள் காட்டிக் கொடுத்துவிடுமே என்று அவற்றை மட்டும் கத்தரித்தேன். எங்கள் காட்டுப் படமாயிருந்தால் அண்ணன் உடனே பிடித்திருப்பார். மரம் கிணறுபோல் உள்ளே போயிருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆபீஸ் பழக்கம். அந்த மலையில் ஒரு செடிகூட இல்லை. நானா பிடுங்கினேன்?

தப்பைக் கண்டுபிடிப்பார்கள் என்று பார்த்தால், வரைந்தவரே வந்து நேரில் சரிபார்க்கட்டும், அப்படியே அங்கே இருந்துவிடட்டும் என்று உத்தரவு வந்தது. நான் என்ன செய்ய முடியும்?

அண்ணனைக் கப்பலேற்ற எல்லோரும் போயிருந்தோம். அண்ணி ஊறுகாய் ஜாடியை நீட்டினார். நான் கம்பளிக் குல்லா கொடுத்தேன். ஜங்லிகாட் கடைகளில் கம்பளிக் குல்லா கேட்டால் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள், அவ்வளவு அபூர்வம். அண்ணன் அங்கேயே போட்டுப் பார்த்தார்.

"என்ன உதயா, என் தலைய எலுமிச்சம்பழம்னு நெனச்சியா? காதே உள்ள போக மாட்டேங்குது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குள் என்னவோ செய்தது. அதையும் மறைக்கவில்லை. "அண்ணே, அந்தக் கோடைப் படத்தை இன்னொரு தரம் பாத்துட்டுப் போயிடுங்களேன்," என்றேன்.

"நீ ஒட்டுனதுதானே தம்பி? அதுல தப்பு வருமா? ஃபிகர் மத் கரோ, கவலப்படாத," என்று என் தோளைத் தட்டினார். அதற்குமேல் சொல்லலாம் என்றால் கப்பல் சங்கு ஊதிவிட்டது. அந்தச் சத்தத்தில் யாருக்கு என்ன கேட்கும்?

குளிர்காலத்தில் ஓடை நிரம்பி மட்டமாகத்தான் கிடக்குமாம். வரைபடத்தை நம்பி, அடியில் பாறை என்று அதன்மேல் கூடாரம் அடித்திருக்கிறார்கள். பனி சரிந்து கூடாரத்தையே விழுங்கிவிட்டது. சுமை தூக்க வந்த இருவரும் உள்ளே இருந்தார்களாம். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அண்ணனுக்காக அண்ணியைவிட நான்தான் அதிகம் அழுதேன். ஜங்லிகாட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

இவ்வளவுதான், ஐயா. அவருடைய இடத்துக்கு என்னைக் கூப்பிட்டு உத்தரவு வந்திருக்கிறது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினால் அடுத்த கப்பலைப் பிடித்துவிடுவேன். உங்கள் மேசைமேல் இருக்கும் அண்ணன் சாமான்களில் அந்தக் குல்லாவை மட்டும் கொடுத்துவிடுங்கள். எனக்கு இறுக்காது. படங்களை மாற்றி ஒட்டிய வாரமே, என் தலையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கி வைத்தேன்.