கயிறு பிடிக்கிற மைத்துனன்

பல வருஷம் தயங்கித்தான் இதை எழுதுகிறேன். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போன பஸ்ஸில், சங்கு குளிக்கிற ஒருவரும், கடலில் அவருக்குக் கயிறு பிடிக்கும் மைத்துனனும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"கழுத்துல ஊசி குத்தி மருந்து ஏத்தி, தலையை எக்ஸ்ரே எடுப்பாவளாம். மூளைக்குள்ள ரத்தக்குழாய் சிக்கிக் கெடக்கா, அதான் வலிப்பு வருதானு பாக்கணுமாம். நீ உள்ள வாரியாலே?"

"விடமாட்டாவ அத்தான்."

"அப்ப கயித்த யாரு பிடிப்பா?"

"ஊசிக்கு எதுக்குக் கயிறு? சுறாவா கடிக்கப் போவுது?"

"கடல்ல மூச்சு முட்டுனா கயித்த இழுப்பேன், ஒங்க அக்கா தாலிக்காவ நீ தூக்கிருவ. அங்கன நான் எதைலே இழுக்க?"

மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான். துண்டின் ஒரு முனையை அவர் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

"வாசல் வரைக்கும் நான் பிடிக்கேன். உள்ள மாதா பிடிப்பா."

இதை ஒரு சொல்லும் மாற்றாமல் பிறருக்குச் சொல்லுங்கள். அவர் பிழைத்தாரா என்று கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள்.