வாயில்லாத நாலு பல்

— பல்லா? பல்லுன்னா சொன்னீங்க டொக்டர்?

— ஆமா ஹமீமா. நாலு பல்லு, ஒரு கைப்பிடி முடி. மத்ததெல்லாம் கொழுப்பு. வெட்டி எடுத்த கட்டிய நான்தான் பிரிச்சுப் பாத்தேன்.

— அப்ப அது புள்ளதானே. எங்கட நானா சொன்னது சரிதானே.

— இல்லம்மா, உங்க அண்ணன் சொன்னது தப்பு, புள்ள இல்ல. தலையணையில சாஞ்சுக்குங்க, தையல் இழுக்கும். ஒப்பரேஷன் முடிஞ்சு மூணு நாளாச்சு, இன்னிக்குத்தான் காய்ச்சல் விட்டிருக்கு. நிதானமாக் கேளுங்க.

— புள்ள இல்லாம பல்லு எப்படி டொக்டர் வரும்?

— எத்தனாம் வகுப்பு மட்டும் படிச்சீங்க?

— எட்டு. வயசுக்கு வந்ததோட நானா நிப்பாட்டிட்டார்.

— அது போதும். நீங்க, நான், இந்த வார்ட்ல படுத்திருக்கிற அத்தன பேரும் முதல்ல ஒரே ஒரு கலமா, ஒரு செல்லாத்தான் இருந்தோம். அவ்வளவு சின்னது. அது ரெண்டாப் பிரியும். ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். கொஞ்ச நாளைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பொறகுதான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்குப் போகும். சிலது தோலாகும், சிலது எலும்பு, சிலது கண்ணு.

— எது என்னவாகணும்னு அதுக்கு யார் சொல்றது?

— பக்கத்துல இருக்கிற கலங்கள் பாதி சொல்லும். தான் இருக்கிற இடம், அக்கம்பக்கம், எல்லாத்தையும் வச்சுத்தான் ஒரு கலம் தான் யார்ங்கிற முடிவுக்கு வரும். முழுசா எங்களுக்கும் இன்னும் தெரியாது.

— எனக்குள்ள இருந்தது?

— பொம்பளைங்களுக்கு முட்டைப் பை ரெண்டு இருக்கு. அதுல ஒரு கலம், ஆம்பளையோட பங்கு எதுவும் வந்து சேராம, தானாப் பிரியத் தொடங்கியிருக்கு. நீங்க சின்னப் புள்ளையா இருக்கிறப்பவே தொடங்கியிருக்கலாம். எல்லாம் செய்ய அதுக்குத் தெரியும், ஒழுங்கு சொல்லத்தான் பக்கத்துல ஆளில்ல. பல்லு செஞ்சிருக்கு, வாய் செய்யல. முடி செஞ்சிருக்கு, தலை செய்யல.

— ஆம்பள இல்லாம.

— ஆம்பள இல்லாம. எட்டு வயசுப் புள்ள ஒண்ணுக்கும் இதே மாதிரி எடுத்திருக்கேன்.

— இதத்தான் டொக்டர் நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போனேன். என்ன யாரும் தொடல்லன்னு. மாசா மாசம் முறை வருதுன்னும் சொன்னேன். பொய்யின்னு மதினி முகத்தத் திருப்பிக்கிட்டாங்க.

— மத்த முட்டைப் பை நல்லா இருக்கு. நீங்க கல்யாணம் கட்டலாம், புள்ளையும் பெறலாம். பின்னேரம் உங்க அண்ணன் வர்றார்னு நர்ஸ் சொன்னா. நானே அவருக்கு விளங்கப்படுத்துறேன். கட்டியப் போத்தல்ல போட்டு வச்சிருக்கு, வேணும்னா காட்டுறேன்.

— காட்ட வேணாம் டொக்டர்.

— ஏன்?

— கட்டின்னு மட்டும் சொன்னா ஒருவேள நம்புவார். பல்லக் கண்டா நம்ப மாட்டார்.

— சரி, காட்டல. வாயால சொல்றேன்.

— சொல்லவும் வேணாம். புள்ள இல்லன்னு தெரிஞ்ச உடனே என்னக் கூட்டிட்டுப் போயிருவார். அந்த அறைக்குத்தான்.

— எந்த அறை?

— எங்கட வீட்டுல மிளகு மூட்டை அடுக்கிற அறை. வயிறு தெரியத் தொடங்கினதும் அதுல போட்டுப் பூட்டினாங்க. ஜன்னல் இல்ல. ஓட்டுல ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் வெளிச்சம். மிளகு நெடியில கண்ணு எரிஞ்சுகிட்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் யஹ்யா நானா கதவுக்கு வெளிய நின்னு ஒரே கேள்விதான். யாரு? பேரச் சொல்லு, தொறக்கிறேன்.

— சொன்னீங்களா?

— நாப்பத்தோராம் நாள் சொன்னேன். உசிரோட இருக்கிறவன் பேரச் சொன்னா அவன வெட்டிப் போட்டுருவார். அதனால மௌத்தாப் போனவர் ஒருத்தர்ட பேரச் சொன்னேன். கொங்காவெல நுஹ்மான். சுதுகங்கையில வெள்ளம் வந்தப்ப ஆத்தோட போனாரே, அவர். தூரத்துல ரெண்டு தடவ கண்டிருப்பேன். அப்ப அவர் மௌத்தாகி அஞ்சு மாசம். கணக்கும் சரியா வந்திச்சு.

— அப்ப, வெளிய வாங்குப் பலகையில உக்காந்திருக்கிற அந்த அம்மா? உங்க தாயார்னுல்ல நெனச்சேன்.

— எங்கட உம்மா நான் சின்னதுலயே மௌத்து. அது பீபி உம்மா, நுஹ்மான்ட தாய். அவங்களுக்கு ஒரே மகன். நான் பேரச் சொன்ன மறுநாளே எங்கட வாசல்ல வந்து நின்னாங்க. என்ட மகன்ட புள்ளைய மிளகோட பூட்டி வைக்க நீ யாருன்னு நானாகிட்டக் கேட்டாங்க. ஊரே பாத்துக்கிட்டு நின்னிச்சு. நானா தொறந்து விட்டார். அன்னையில இருந்து அவங்கட வீட்டுலதான் இருக்கேன். வயித்து வலியில நான் துடிச்சப்ப மொரிஸ் மைனர் கார் ஒண்ணப் புடிச்சு இங்க கொண்டு வந்ததும் அவங்கதான்.

— நல்ல மனுஷி.

— இத்தினூண்டு சட்ட மூணு தைச்சு வச்சிருக்காங்க டொக்டர். புள்ள இருந்தாத்தானே நான் அவங்களுக்குச் சொந்தம். இல்லன்னா?

— செத்துப் பொறந்திச்சுன்னு என்னால பொய் எழுத முடியாதும்மா.

— எழுதினாலும் என்னத்துக்கு? அப்பவும் அறைதான். ஒருத்தர்ட பேர என்ட வாயாலயே சொன்னவளாச்சே.

— அந்த அம்மாகிட்டயாவது உள்ளதச் சொல்லணும். அவங்கள இப்படி ஏமாத்தக் கூடாது ஹமீமா.

— மகன ரெண்டாந்தரமும் அடக்கம் பண்ணச் சொல்றீங்களா அவங்கள?

— உள்ளுக்கு வரலாமா டொக்டர் நோனா? கஞ்சி ஆறிப் போகுது.

— வாங்கம்மா. ஹமீமா உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

— பேச என்னத்த ஈக்கி? கதவுகிட்டதான் நிண்டேன், எல்லாம் காதுல விழுந்திச்சு. புள்ள இல்ல. அல்லாட நாட்டம். இந்தா மகள், குடி. டொக்டர் நோனா, யஹ்யா வந்தா உள்ளதச் செல்லுங்க. போத்தலயும் காட்டுங்க. அவன் நம்பினாலும் நம்பாட்டியும் இவள் என்ட வீட்டுக்குத்தான் வாறாள்.

— எப்படி உம்மா வாறது? நுஹ்மான் நானா என்னத் தொட்டதே இல்ல. நான் அவர்ட பேருல பொய் சொன்னேன்.

— தெரியும்.

— இப்பக் கேட்டதாலயா?

— இல்ல மகள். நீ பேரச் சொன்ன அன்னைக்கே தெரியும்.

— அது எப்படி உம்மா?

— மௌத்தாக முந்தின நாலு மாசமும் அவன் ரிவர்ஸ்டன் பக்கம் ஏலத் தோட்டத்துல வேலன்னு ஊருக்குச் செல்லி வச்சது நான். அவன் கண்டி ஜெயில்ல, மறியல்ல ஈந்தான். விட்ட அன்னைக்கே, வீட்டுக்கு வார வழியில ஆறு கொண்டு போச்சு.

— எல்லாம் தெரிஞ்சும் ஏன் உம்மா எங்கட வாசலுக்கு வந்தீங்க?

— கிழமைக்கொருக்கா கண்டிக்குப் போய்க் கம்பிக்கு வெளிய நிண்டு அவன் மெலியிறதப் பாத்தேன், அந்தக் கதவத் தொறக்க எனக்கு ஏலாமப் போச்சு. ஒங்கட கதவத் தொறக்க ஒரு பேர் மட்டும்தானே கேட்டாங்க, மகள்.