மனசு லேசாகும் அறை

வெளிர்பச்சைச் சுவரில் அழுக்குச் சீக்கிரம் தெரியும் என்று பெயிண்டர் அப்போதே எச்சரித்தார். பரவாயில்லை, அடியுங்கள் என்றேன். அந்த நிறம் மனதுக்கு இதம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நேற்று உங்கள் ஆட்கள் அந்தச் சுவரைச் சுரண்டிச் சின்னச் சின்னப் பைகளில் போட்டுக்கொண்டு போனார்கள். பெயிண்டர் சொன்னது சரிதான், ஐயா.

நான் பள்ளியின் விளையாட்டு ஆசிரியராக இருந்தவன். முட்டி தேய்ந்து ஓட முடியாமல் போனதும், தலைமையாசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பாமல் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். போகும்போது பி.டி. சார், திரும்பும்போது நலவாழ்வு ஒருங்கிணைப்பாளர். கழுத்திலிருந்து விசில் இறங்கியது, அடையாள அட்டை ஏறியது. பந்துகளும் வலைகளும் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள்.

அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டையைத் தொங்கவிட்டேன். கரும்பழுப்புக் கித்தான், பக்கவாட்டில் ஜிப், உள்ளே பழைய திரைச்சீலைகள். உத்தரத்தில் கப்பி, சங்கிலி. வருகிறவர்கள் கையுறை மாட்டி, தங்கள் கஷ்டத்தின் பெயரை மூட்டையிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். பிள்ளைகள் கணக்கு என்பார்கள். ஆசிரியர்கள் சொல்வது எனக்குக் கேட்காது. ஆனால் தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மன அழுத்தம் குறைப்பது எப்படி என்று வாரக் கடைசியிலும் அவர்களைக் கூப்பிட்டு வகுப்பு எடுத்ததில், அழுத்தத்துக்குப் பஞ்சமே இல்லாமல் இருந்தது.

இருந்தும் என் அறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். காரணம், அறிவியல் ஆசிரியை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் காது மிஸ். சாப்பாட்டு இடைவேளையில் ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருப்பார். யாராவது பக்கத்தில் வந்து நின்று பேசுவார்கள், அழுவார்கள். இவர் குழாயைக் கழுவியபடி தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார். அவ்வளவுதான். பயிற்சி கிடையாது, சான்றிதழ் கிடையாது, சுவருக்குப் பெயிண்ட்கூடக் கிடையாது. ஆனாலும் கூட்டம் வாசல்வரை நிற்கும். அதை நான் பொறாமையோடு பார்த்ததாக உங்கள் உதவியாளர் எழுதியிருக்கிறார். தொழில்முறைக் கவலை என்று திருத்திவிடுங்கள்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். எப்போதும் நடுங்கிக்கொண்டிருப்பாள். வலிக்கிற வரைக்கும் அடி என்றேன். அதற்குப் பிறகும் அடி என்றேன். அவள் விரல் எலும்பு விரிசல் விட்டது. மனநலம் பேணும் பள்ளி என்ற சான்றிதழ் கொடுக்கும் குழு மதியம் வருவதாக இருந்த அன்று காலையில், மிஸ் என்னைத் தேடி வந்தார்.

"சார், அந்தப் பொண்ணுக்குக் கோபமே இல்ல. பயம். வீட்ல அடி வாங்குற புள்ளைய இங்க வந்து அடிக்கச் சொல்றீங்க. குழுகிட்ட நான் சொல்லத்தான் போறேன். இந்த ரூம மூடணும்."

குரலை உயர்த்தவே இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அறை போனால் நான் என்ன ஆவேன் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. முட்டி போன பி.டி. சாருக்கு எந்தப் பள்ளியில் நாற்காலி போடுவார்கள்?

"எனக்கும் மனசு சரியில்ல மிஸ். குழு வர்றதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். பேசணும் என்று யார் சொன்னாலும் மறுக்க அவருக்குத் தெரியாது. வந்தார். பிளாஸ்டிக் செடி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, "சொல்லுங்க சார்" என்றார். சாய்ந்திருந்த பக்கத்தில்தான் அடித்தேன். குண்டு எறியும் போட்டிக்கான இரும்புக் குண்டு. பழைய சாமான்களில் அது ஒன்றைத்தான் நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். முதல் அடியில் ஸ்டூலோடு சாய்ந்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார். இரண்டாவது அடி தேவைப்பட்டது. சுவரில் கறை பட்டது அப்போதுதான்.

எங்கே ஒளிப்பது என்று நான் பதறவில்லை. மூட்டையை இறக்கி, திரைச்சீலைகளில் பாதியை எடுத்துவிட்டு அவரை உள்ளே வைத்தேன். ஒல்லியான உடம்பு. முதலுதவி தெரிந்தவன் என்பதால் நாடியையும் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மீதித் துணியைச் சுற்றி அடைத்தேன், ஜிப்பை இழுத்தேன், சங்கிலியை ஏற்றினேன். சுவரைத் துடைத்துவிட்டு, மிச்சமிருந்த கறைமேல் சூரிய உதயப் படத்தை மாட்டினேன்.

குழு வந்தது. அறிவியல் ஆசிரியை எங்கே என்று குழுத் தலைவி கேட்டார். அவருக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்பட்டது என்றேன். ஊழியர் ஓய்வை மதிக்கும் பள்ளி என்று குறித்துக்கொண்டார்.

செயல்விளக்கத்தைத் தலைமையாசிரியர் தொடங்கி வைத்தார். கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, புகைப்படக்காரர் தயாராகும்வரை காத்திருந்து குத்தினார். படம் சரியாக விழவில்லை என்பதால் மறுபடியும் குத்தினார். பிறகு ஆசிரியர்கள் வரிசையில் வந்தார்கள். வழக்கமாகத் தட்டிக்கொடுப்பது போல அடிப்பவர்கள் அன்று மூச்சு வாங்க அடித்தார்கள். இடையில் மூட்டைக்குள் ஏதோ முனகியது. மன அமைதிக்காக ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருந்த நீரோடைச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

நூலகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உள்ள என்ன சார் மாத்துனீங்க? போன வாரம் தலகாணிய அடிச்ச மாதிரி இருந்துச்சு. இன்னிக்கு ஒரு ஆளையே அடிச்ச மாதிரி ஒரு திருப்தி."

"அப்ப தலைமையாசிரியர நெனச்சுத்தான் அடிச்சிருப்பீங்க" என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அன்றுதான். குழுத் தலைவியும் சிரித்தார். சான்றிதழை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்களில் யாரையும் இந்த வழக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்குத் தெரியாது.

எல்லாரும் போன பிறகு மூட்டையில் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜிப்பைத் திறந்திருக்கலாம். ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அன்று அத்தனை பேருடைய மனதையும் பார்த்துக்கொண்டவன் நான்; என்னிடம் ஒருவர்கூட எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு மிஸ்ஸின் பெயரைச் சொன்னேன். மூட்டை அசைவது நிற்கும்வரை அடித்தேன். நின்ற பிறகும் அடித்தேன்.

என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஐயா. அறையை மட்டும் மூடிவிடாதீர்கள். அது உண்மையிலேயே வேலை செய்கிறது.