பன்னிரண்டு மீட்டர் அறுபத்திரண்டு

மும்முறைத் தாண்டலின் முடிசூடிய அரசியே! செம்பட்டிச் செம்மண்ணில் முளைத்த சிறகே! நான்கு முறை மாநில வாகை சூடி, முப்பத்திரண்டு ஆண்டுகள் எம் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியராக ஓடியும் ஓட்டியும் உழைத்து, இன்று ஓய்வு பெறும் பெருமைக்குரிய பேச்சாயி அம்மையாரே!

இன்னும் பதினோரு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். கேட்டால் தாங்கள், "ஏன்ப்பா, யாரு செத்தா?" என்பீர்கள் என்பதால் நிறுத்திக்கொள்கிறோம். சால்வையும் மூன்றோடு சரி.

பெண்களுக்கென்று மும்முறைத் தாண்டல் போட்டியை மாநிலத்தில் நடத்தத் தொடங்கியபோது தங்களுக்கு வயது இருபத்தேழு. மற்றவர்கள் ஓடி ஓய்ந்த வயதில் தாங்கள் ஓடத் தொடங்கினீர்கள். கத்திரி நாற்றை மிதிக்காமல் பாத்திக்குப் பாத்தி தாண்டித் தண்ணீர் திருப்பிய கால்களுக்கு அது புதிதாக இருக்கவில்லை. பலகையில் மிதித்து எழும்பி, அதே காலில் இறங்கி, மறுகாலுக்குத் தாவி, கடைசியில் இரு கால்களும் சேர மணலில் விழ வேண்டும், சொல்வதற்கு எளிது. கணக்காசிரியர் பிராங்கிளின் ஒருமுறை முயன்றார். அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் மணலை அடைந்தது.

ஐந்தாம் பட்டத்துக்காக 1996-இல் திருச்சியில் ஓடி வந்தீர்கள். முதல் தாண்டல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதற்கு எழும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ள, மணலை எட்டுமுன் தரையில் விழுந்தீர்கள். அதன்பின் தாங்கள் தாண்டவே இல்லை. இது ஊரறிந்த செய்தி. ஊரறியாததையும் இம்மடலில் எழுதிக் கண்ணாடிச் சட்டமிடக் கடமைப்பட்டுள்ளோம்.

எம் பள்ளியின் துப்புரவுப் பணியாளர் பொன்னழகு, நாகல் நகரிலிருந்து முதல் ஷேர் ஆட்டோவில் வந்து கதவைத் திறப்பவர். மாலையில் மணற்குழியை இரும்பு வாரியால் வாரிச் சமன் செய்த பிறகே வீடு திரும்புவார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், காலையில் வந்தவர் குழியருகே நின்றுவிட்டார். சமன் செய்த மணலில் இரண்டு குதிங்கால் பள்ளங்கள். பக்கத்தில் ஓர் உள்ளங்கைத் தடம். குழிக்குள் வந்த தடமும் இல்லை, வெளியே போன தடமும் இல்லை. வாரினார். மறுநாளும் கிடந்தன.

தங்களிடம் ஓடிவந்து சொன்னார். தாங்கள் பதறவில்லை. அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தீர்கள்.

"பலகையில வச்சுப் பிடி பொன்னு."

பன்னிரண்டு மீட்டர் அறுபத்திரண்டு. தங்கள் சாதனையைவிடப் பதினெட்டு சென்டிமீட்டர் கூடுதல்.

"யாரு டீச்சர் இது?"

"அன்னைக்குத் திருச்சியில இறங்காம போனது. இங்க வந்து இறங்குது. வாரி விட்டுரு."

அன்று முதல் பொன்னழகு வாரி விடுகிறார். விடுமுறை நாளிலும் வந்து மணலைக் கிளறி வைக்கிறார். தடமும் ஒரு விரற்கடை கூட மாறியதில்லை.

இனி எங்கள் தவறு. பாராட்டு விழாவுக்கு வரும் பெரியவர்களின் கார்களை நிறுத்த இடம் வேண்டும் என்று விழாக்குழு கூடியது. ஐந்து பேர் கொண்ட குழு, ஒரு மணி நேரம் ஆலோசித்து, தங்களைப் பெருமைப்படுத்தத் தங்கள் மணற்குழியை மூடுவதென்று முடிவெடுத்தது. ஜல்லி வண்டி வந்தபோது பொன்னழகு வாரியோடு குறுக்கே நின்றார்.

"கல்லைக் கொட்டாதீக சார். இறங்குற காலு என்னத்துக்கு ஆகும்?"

"நாய் படுத்த பள்ளத்துக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமாம்மா?" என்றார் பிராங்கிளின்.

"ரெண்டு குதிங்காலும் ஒரு உள்ளங்கையும் வச்ச நாய் எந்த ஊர்ல சார் இருக்கு?"

நாங்கள் சிரித்தோம். ஜல்லி கொட்டப்பட்டது.

மறுநாள் காலை ஜல்லியில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. குனிந்து ஒரு கல்லை எடுத்த பொன்னழகு, கையைப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஈரம் சிவப்பாக இருந்தது. சற்று நேரத்தில் அகரத்து வீட்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். இரு குதிங்கால்களிலும் துணிக்கட்டு. ஓர் உள்ளங்கையிலும்.

"எங்க விழுந்தீங்க டீச்சர்?" என்று பதறினார் தலைமையாசிரியர் அறிவுச்செல்வி.

"எங்கயும் விழுகல. படுத்துத்தான் கெடந்தேன். எந்திரிச்சுப் பாத்தா பாயெல்லாம் ரத்தம்."

பிராங்கிளின் போய் நாடாவை எடுத்துவந்து அளந்தார். மறுபடி அளந்தார். பதினைந்து ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் வாய் ஓயாத மனிதர், நாடாவைச் சுருட்டிவிட்டு ஒரு கூடையைத் தேடிப் போனார். பின்னாலேயே நாங்கள் அனைவரும் போனோம். தலைமையாசிரியர் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். பொழுது சாய்வதற்குள் பொறுக்கி முடிக்க வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

"இந்தா ஒண்ணு கெடக்கு. அந்தா அங்கிட்டு ஒண்ணு. கணக்கு வாத்தியாருக்குக் கண்ணு தெரியலையா?" என்று பொன்னழகு அதிகாரம் செய்ய, எங்கள் பட்டங்களையும் பதவிகளையும் மறந்து பொறுக்கினோம். கடைசியில் அவர் வெறுங்காலோடு குழி முழுக்க நடந்து பார்த்து, "இப்பச் சரி" என்றார். மறுநாள் தாங்கள் வந்தபோது துணிக்கட்டில் புதிய கறை இல்லை. மணலில் தடம் இருந்தது.

பெருமைக்குரியவரே! நூறாண்டு நோயின்றி வாழ்க என்று வாழ்த்திவிட்டு உணவுக்கூடத்துக்கு விரைவது இத்தகைய விழாக்களின் முறை. எங்களுக்கு அது போதவில்லை. ஆகவே உறுதி கூறுகிறோம்: அந்தக் குழியை எவருடைய காருக்காகவும் மூட மாட்டோம். பொன்னழகு வாருவார். அவர் வராத நாளில் பிராங்கிளின் வாருவார்; அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். தாங்கள் அகரத்து வீட்டில் அயர்ந்து உறங்குங்கள். இங்கே மணல் மெத்தென்று இருக்கும்.

நாள்தோறும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் குழியைத்தான் பார்ப்போம். தடம் கிடந்தால் தாங்கள் நலம் என்று அறிவோம். கிடக்காத நாள் ஒன்று வரும் என்பதும் தெரியும். அது எங்கள் பணிக்காலத்தில் வர வேண்டாம். நாளைக் காலையும் கிடக்கட்டும், அதற்கு மறுநாளும் கிடக்கட்டும், பன்னிரண்டு மீட்டர் அறுபத்திரண்டு!

ஜல்லி பொறுக்கிய கைகளைக் கூப்பி,
ஆசிரியர்கள், அலுவலகத்தார்,
வாரியோடு பொன்னழகு