பாலத்தைக் கடந்த மாப்பிள்ளை வீட்டார்

எனக்குக் கோபமே வராது, ஐயா. சந்தேகமிருந்தால் என் மனைவி செல்வராணியைக் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு வேண்டாம். அவள் கொஞ்சம் ஆறட்டும்.

என் பெயர் வீரமுத்து. மாசாயிலிருந்து பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் என்னுடையது. முதலாளியும் நான்தான், டிரைவரும் நான்தான். பஸ்ஸில் ஒரு குறையும் கிடையாது, புகையைத் தவிர. சிக்னலில் நான் கிளம்பினால், பின்னால் நிற்கும் மோட்டார்சைக்கிள்காரர்கள் அடுத்த பச்சை விளக்குக்குக் காத்திருப்பார்கள். அந்த மாதிரிப் புகை.

போன மாதம் சோதனை நிலையத்தில் புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகி, எண்ணெய் மிதியை அழுத்திப் பார்த்துவிட்டு, தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறு சோதனைக்கு இன்று காலை வரச் சொன்னார்கள். இதிலும் தேறாவிட்டால் வேறு பஸ்ஸைப் பார்த்துக்கொள்வோம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். அது போனால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஆகவே முறைப்படி எல்லாம் செய்தேன். மெக்கானிக் கபீர் காற்று பில்டர், டீசல் பில்டர் இரண்டையும் மாற்றினார். இஞ்சின் எண்ணெய் மாற்றினார். டீசல் பீய்ச்சும் ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, என் வேல முடிஞ்சிருச்சு. உள்ள வருஷக் கணக்கா கரி ஒட்டிக் கெடக்கு. அது நீங்க ஓட்டித்தான் வெளிய வரணும். டெஸ்டுக்குப் போற வழியில ஹைவேல ஏத்தி, கீழ் கியர்லயே நல்லா முறுக்குங்க. சும்மா வண்டி பத்தாது, லோடு வேணும். சூடு ஆறாம நேரா டெஸ்டுக்குப் போயிடுங்க. நடுவுல நிறுத்தினா எல்லாம் வேஸ்ட் லா."

"என்ன லோடு கபீர்?"

"மணல் மூட்ட போடுங்க."

யோசித்துப் பார்த்தேன், ஐயா. மணல் மூட்டையை நாம்தான் தூக்கி ஏற்ற வேண்டும், நாம்தான் இறக்க வேண்டும். உறவினர்கள் அப்படி இல்லை.

இன்று காலைதான் என் மைத்துனர் லெட்சுமணனின் மகன் ஜீவனுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பெர்மாஸ் ஜெயா, பெண் வீடு உலு திராம். அரை மணி நேரப் பயணம். நல்ல நேரம் பன்னிரண்டு மணிக்குள். என் சோதனையும் அதற்கு முன்னால்தான். போன வாரமே மைத்துனர் வீட்டுக்குப் போய், "மச்சான், எதுக்கு ஆளுக்கொரு கார்? எல்லாரும் நம்ம பஸ்லயே போலாம். காசு பேச்சே வேணாம்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குத் தோளில் கை போட்டு, "மாப்ள, நீதான்யா குடும்பத்துக்கு ஆளு" என்றார்.

அழைப்பில் விட்டுப்போனவர்களையும் நானே தேடிப் போய்க் கூப்பிட்டேன். செல்வராணியின் சித்தப்பா வேலு பல வருடமாக மைத்துனரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர். நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வரவழைத்தேன். குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வேலு சித்தப்பாவைப் பின் சக்கரத்துக்கு மேலே உட்கார வைத்தேன். ஒல்லியாக இருந்த இரண்டு பேரை மட்டும், காரில் வந்தால் வசதியாக இருக்கும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பூ, பழம், பலகாரத் தட்டுகளோடு கிளம்பினோம். ஏர்கானை முழுதாக வைத்தேன். அதுவும் இஞ்சினுக்கு ஒரு லோடுதான். உலு திராமுக்குத் திரும்பும் முனை வந்தது. இஞ்சின் சூடு காட்டும் முள் அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தது. நான் நேராகப் போனேன்.

"மாப்ள, முனைய விட்டுட்டியே," என்றார் மைத்துனர்.

"தெரியும் மச்சான்."

தெசாரு நெடுஞ்சாலையில் ஏறி, கியரைக் குறைத்து மிதித்தேன். கரி வர ஆரம்பித்தது. பின் கண்ணாடியில் சாலையே தெரியவில்லை. தட்டுகள் அதிர்ந்து லட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி நடைபாதையில் உருண்டன. டோலில் மெதுவாகப் போனபோது வேலு சித்தப்பா எழுந்து வந்து கதவைத் தட்டினார். கதவு என் பொத்தானில்தான் திறக்கும். பயணிகளின் பாதுகாப்புக்காக வைத்தது.

"மாப்ள, குளிர் தாங்கல. ஒன்னுக்குப் போவணும். ஓரமா நிறுத்துங்க."

"இஞ்சின் ஆறிப்போயிரும் சித்தப்பா. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

"அலமாக்! இஞ்சின் ஆறினா என்னா? நான் என்ன ஆவறது?"

அவரிடம் நான் குரலை உயர்த்தவே இல்லை. அவர்தான் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னார். கடத்தல் என்பது பெரிய வார்த்தை. கடத்துகிறவன் காசு கேட்பான். நான் இலவசம் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

பெண் வீட்டிலிருந்து செல்லப்பன், அதாவது பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்குப் போன் போட்டபடியே இருந்தார். ஜீவன் மரியாதையான பையன். "வந்துகிட்டே இருக்கோம் மாமா" என்றான். எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார் போலிருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "சுங்கை ஜொகூர் பாலத்துல, மாமா" என்றான். அது பெண் வீட்டைத் தாண்டி வெகுதூரம். பிறகு போனைப் பெண் பிரவீனா வாங்கிவிட்டாள். அவளிடம் ஜீவன் புகை, சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அதனால்தான் நான் சோதனை நிலையத்துக்குள் நுழைந்தபோது அவர்களின் கார் எனக்கு முன்னால் வந்து நின்றது. செல்லப்பன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். நான் கதவைத் திறந்தேன். முதலில் இறங்கியவர் வேலு சித்தப்பா. அவர் யாரையும் பார்க்காமல் கழிப்பறைக்கு ஓடினார். அவர் பின்னாலேயே பாதி பஸ் ஓடியது. செல்வராணி இறங்கும்போது என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

"இது என்னாய்யா, நிச்சயதார்த்தமா இல்ல லாரி பரிசோதனையா?" என்று செல்லப்பன் கத்தினார். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பிரவீனா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அப்பா, சண்டைய அப்புறம் வச்சிக்குங்க. நல்ல நேரம் முடியப்போவுது. அங்க ஒரு கொட்டகை இருக்கு பாருங்க, இங்கயே தட்ட மாத்துங்க." பிறகு ஜீவனிடம், "நீங்க ஏன் உங்க மாமாகிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றாள். ஜீவன், "கேட்டேன். இஞ்சின் ஆறிடும்னாரு" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் இரண்டு வீட்டாரும் மூச்சு விட்டார்கள்.

சோதனைக்குக் காத்திருந்த லாரி டிரைவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். மிச்சமிருந்த லட்டு அவர்களுக்கும் போனது. அங்கே மோதிரம் மாற்றிக்கொண்டிருந்தபோது, இங்கே அதிகாரி என் பஸ்ஸின் புகைக்குழாயில் கருவியைச் செருகி, எண்ணெய் மிதியை அடிமட்டம் வரை அழுத்தினார். மேளமும் இல்லை, நாயனமும் இல்லை. என் இஞ்சின்தான் அலறியது. அதிகாரி கருவியைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி கருவியைப் பார்த்தார். தேறிவிட்டது என்றார்.

சந்தோஷமாகக் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். ஒருவரும் திரும்பவில்லை. உலு திராமுக்குச் சாப்பிடப் போகும்போது, கிடைத்த கார்களில் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். செல்வராணி லட்டு தின்ற ஒரு லாரிக்காரரிடம் இடம் கேட்டு ஏறிக்கொண்டாள். காலியாக நின்ற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள்.

சரி. நீங்கள் மூன்று முறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஐயா. முதல் தடவை பாலத்தில் ஏறி இறங்கியபோதே புகை நின்றுவிட்டது. திரும்பி வந்து அவர்களை உலு திராமில் இறக்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் சோதனைக்குப் போக நேரமும் இருந்தது. பின் கண்ணாடியில் பார்த்தேன். சாலை சுத்தமாக, கழுவிவிட்ட மாதிரி தெரிந்தது. இந்த பஸ்ஸை வாங்கியதிலிருந்து நான் அப்படிப் பார்த்ததே இல்லை. உள்ளே என் மைத்துனர், வேலு சித்தப்பா, செல்வராணி, மாப்பிள்ளை, எல்லோரும் என் வண்டியில். வண்டியைத் திருப்பி மறுபடியும் பாலத்தில் ஏற்றினேன். அதற்கப்புறமும் ஒரு தடவை.

பின்னால் எல்லோரும் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சந்தோஷம்தான், ஐயா. எனக்குத் தெரியும்.